சிமியோன் என்று எழுதினான்

அன்பான விசுவாசிகளே,

மூன்று வருஷத்துக்கு முன் வள்ளியூர்க் கூட்டத்தில் நான் மைக்கில் சொன்ன சாட்சி பொய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு.

என் பேர் ஞானமுத்து. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறேன். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. அழுது ஜெபித்தோம். தொண்ணூறில் மகன் பிறந்தான்.

எங்கள் சபையில் ஞானஸ்நானத்தின்போது பேரின் அர்த்தத்தையும் உபதேசியார் எல்லாருக்கும் சொல்லுவார். சிமியோன் என்று வைத்தோம். எபிரெய பாஷையில் கேட்டார் என்று அர்த்தம். எங்கள் ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார். சீமோன் என்பதும் இதே பேர்தானாம். ஊரில் சீமோன் நாலு பேர் உண்டு. சிமியோன் இவன் ஒருத்தன்தான். என் மனைவி கிருபை அந்த அர்த்தத்தை வீடு வீடாகச் சொன்னாள்.

இரண்டு வயதில் தெரிந்தது. அவனுக்குக் காது கேட்கவில்லை. பின்னால் நின்று தட்டைப் போட்டாலும் திரும்ப மாட்டான். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். பிறவிக்குறை, மருந்து இல்லை என்றார்கள்.

மில்லில் என்னோடு மூட்டை தூக்குகிற சுடலை கேலி பண்ணினான். "கேட்டாருன்னு பேரு வச்சீரு. பயலுக்குக் கேக்கலியே வே. ஓம்ம சாமிக்கும் காது மந்தமோ?"

நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அவன் கேட்டதைத்தான் நானும் ராத்திரியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுகமளிக்கும் கூட்டம் ஒன்று விடவில்லை. எண்ணெய் பூசினார்கள். உபவாசம் இருந்தோம். எல்லாம் வெறுங்கை.

தொண்ணூற்றைந்தில் வள்ளியூர்க் கூட்டம். பிரசங்கியார் என் மகனை மேடையில் ஏற்றி, தலைக்குப் பின்னால் கை தட்டினார். மகன் திரும்பினான். கூட்டம் அல்லேலூயா என்றது. மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார்கள். "என் மகனுக்குக் கேக்குது" என்றேன். கைதட்டின காற்று கழுத்தில் பட்டிருக்கும். அது அப்போது தோன்றவில்லை. தோன்ற நான் விடவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. பத்துத் தடவை கூப்பிட்டேன். கிருபை, "போதும், விடுங்க" என்றாள்.

வெளியே சொல்லவில்லை. சொன்னால் விசுவாசம் இல்லை என்பார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். கேட்கிற பிள்ளை என்று சொல்லித்தான் சேர்த்தோம். வாத்தியார் கூப்பிட்டால் எழும்ப மாட்டான். கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறான் என்று அடித்தார். தொடையில் பிரம்புத் தடம். வாத்தியாரை நான் எப்படிக் குறை சொல்ல? நானும் ஒருநாள் அடித்தேன். எதற்கு அடி என்றுகூட அவனுக்குத் தெரியாது. தன் பேர் இன்னதென்றே அவனுக்குத் தெரியாது.

தொண்ணூற்றேழில் ஒருநாள் காலையில் ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை. "காது வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அவன் பேராவது அவனுக்குத் தெரியட்டும்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு மில் லோடு திருநெல்வேலி டவுணுக்குப் போனது. மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று புரண்டு அழுததால் கூட்டிப் போனேன். இறக்கி முடித்து டவுண் பஸ்ஸில் ஏறினோம். எதிர் சீட்டில் இரண்டு ஆண்கள் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மற்றவர் மீசையைக் காட்டி ஏதோ சொல்ல, அவர் தொடையில் அடித்தார். ஒரே சிரிப்பு. மகன் என் கையை உதறிவிட்டு அவர்கள் முழங்கால் நடுவே போய் நின்றான். அவனும் கையைத் தூக்கினான்.

மீசைக்காரர் என்னைப் பார்த்து, தன் காதைத் தொட்டு, இவனைக் காட்டினார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். வெளியாள் ஒருவரிடம் உண்மையைச் சொன்னது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பாளையங்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

நேரே அங்கே போனோம். சேர்ப்பதாகச் சொன்னார்கள். காது கேட்காத பிள்ளைதான் என்று சபையிலிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள்.

ஊருக்கு வந்து கேட்டேன். உபதேசியார் பேனாவை எடுக்கவில்லை. "கேக்குதுன்னு நீதானப்பா மைக்குல சாட்சி சொன்ன? இப்ப கேக்கலன்னு நான் எப்பிடி எழுதிக் குடுக்க? ஞாயித்துக்கெழம நீயே சபையில சொல்லு. பொறவு எழுதுதேன்."

நூறு கிலோ மூட்டை தூக்கியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெஞ்சிலிருந்து எழும்ப என்னால் முடியவில்லை. கிருபை முதுகில் கை வைத்தாள். எழும்பிச் சொன்னேன்.

முன்வரிசை மூப்பர் ஒருவர், "விசுவாசம் போனா வந்த சொகமும் போவும்" என்றார்.

"வரவே இல்ல அண்ணாச்சி" என்றேன். "என் பெருமைக்கு நான் வந்ததாச் சொன்னேன்."

உபதேசியார் அங்கேயே கடிதம் எழுதித் தந்தார்.

மகனை விடுதியில் விட்டோம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தான். வந்த மறுநாள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வெள்ளையடித்த சுவரில் எழுதினான். கிருபை திட்ட வந்தவள் நின்றுவிட்டாள். சிமியோன் என்று இருந்தது. அதைத் தொட்டான், தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு கரியை என் கையில் வைத்து, என் நெஞ்சைத் தொட்டான். உன் பேர் என்ன என்கிறான். என் மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவன் பேருக்குக் கீழே ஞானமுத்து என்று எழுதினேன். அவன் விரலால் அதன்மேல் எழுதிப் பார்த்தான்.

இன்னும் அவனுக்குக் காது கேட்கவில்லை. ஏழு வருஷம் கர்த்தர் ஏன் காக்க வைத்தார் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. அதையும் அவரிடமே சொல்லுகிறேன். நான் திட்டினதையும் கேட்டவர் அவர். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. மில்லிலும் சரி, சபையிலும் சரி, இல்லாததை இருக்கிறது என்று நான் இப்போது சொல்லுவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பிள்ளை இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி கர்த்தரிடம் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே சொல்லுங்கள். பிறகு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் மில்லுக்கு வந்து என்னைக் கூப்பிடுங்கள். ஒருநாள் கூலி போனால் போகட்டும், நானும் வருகிறேன்.