அத்திம்பேரை இழுத்தவன்

போன சனிக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷனில் என்னைப் பாக்கெட்மார், அதாவது பிக்பாக்கெட், என்று பிடித்துக்கொண்டார்கள்!

பயப்படாதீர்கள், உதை விழவில்லை. அத்திம்பேர் காப்பாற்றிவிட்டார். நான் காப்பாற்றப் போனதும் அவரைத்தான்...

அக்காவின் கணவரான அத்திம்பேருக்குப் பார்க்கின்சன் வியாதி. கை நடுக்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இப்போது பாலன்ஸும் தகராறு. நம்மை யாராவது பின்னாலிருந்து இழுத்தால் என்ன செய்வோம்? யோசிக்காமலே ஒரு காலைப் பின்னால் ஊன்றிச் சமாளிப்போம். அவருக்கு அந்தக் கால் வருவதற்குள் உடம்பு பின்னால் போய்விடுகிறது.

டாக்டர் பின்னால் நின்று அவர் தோளை லேசாக இழுத்துக் காட்டினார். அத்திம்பேர் குட்டிக் குட்டி அடியாகப் பின்னாலேயே போய் டாக்டர் கையில் சாய்ந்தார். வேடிக்கை பார்த்த எனக்குத்தான் குளுகோஸ் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"லோகல் ரயில்ல ஆபீஸ் போய்வர முடியறதான்னு நீயே கூடப் போய்ப் பாருடா. முடியலைன்னா வேலையை விட்டுடட்டும்" என்று அக்கா தீர்ப்பை என் தலையில் கட்டினாள். அத்திம்பேர் வழக்கத்தைவிட அதிக நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

சனிக்கிழமை மாட்டுங்காவில் வண்டி வந்தது. கூட்டம் முட்டியது. அவர் நிதானமாகத்தான் நின்றார். விழப்போகிறார் என்று நானாகவே முடிவு செய்து, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு!

அவ்வளவுதான். குட்டிக் குட்டி அடி... நான் கீழே, அவர் என் மேலே.

"அரே, புட்டாகோ காய்கு கீஞ்ச்தா ஹை?" கிழவரை ஏன் இழுக்கிறாய் என்று ஒரு குரல். "பாக்கெட்மார்!" என்று இன்னொன்று. என் காலரில் நாலைந்து கைகள்.

"சோடோ பாய், அப்னா ஆத்மி ஹை." நம்ம ஆள்தான் என்று என் வயிற்றில் உட்கார்ந்தபடியே ஜாமீன் கொடுத்தார் அத்திம்பேர். பிறகு என்னிடம், "டேய், இத்தனை கூட்டத்தில ஒருத்தனும் என்னைத் தள்ளலை. நீதாண்டா இழுத்தே! பேசாம எனக்கு முன்னால நட. வேணும்னா நான் உன் தோளைப் பிடிச்சுக்கறேன்."

கூட்டம் குறைந்த அடுத்த வண்டியில் அப்படியே ஏறினோம். இறங்கினோம். தோளில் கை வரவே இல்லை.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே கேட்டாள்: "விழுந்தாரா?"

அத்திம்பேர் என் முகத்தையே பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அக்கா யோசித்தாள். "அப்போ வேலைக்கு அவர் போகலாம். நீதான் கூடப் போகக் கூடாது."

"பாவம், முன்னால வரட்டும்" என்றார் அத்திம்பேர்.

திங்கட்கிழமையிலிருந்து முன்னால் நடக்கிறேன். அவர் சௌகரியமாகத்தான் வருகிறார். திரும்பிப் பார்க்காமல் நடப்பதுதான், சார், பிராண அவஸ்தை!