இடிக்குக் கழற்றிய வயர்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கொழும்புக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தது. திங்கள் காலை பத்து மணிக்கு ஆன்லைனில் பரீட்சை. கிடைத்தால் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஐந்து வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் மாதிரி நானும் கொழும்புக்கு வேலைக்குப் போகவேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் இழு இழு என்று இழுத்ததால் சனிக்கிழமை காலை விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். அருமையாக ஓடியது. அந்தத் தெம்பில் மகளோடு டவுனுக்குப் போனேன். மத்தியானம் இடி பிடித்துக்கொண்டது. எங்கள் லயத்து வீடுகளில் இடி என்றால் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பின்னாலுள்ள வயர்களையெல்லாம் கழற்றி, கம்பளி போட்டு மூடினால்தான் மனசு ஆறும். எங்கள் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர், கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. அவர்தான் ஓடிவந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தார்.

திரும்பி வந்து வயர்களை மாட்டினேன். திரை கறுப்பு. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு வரி, அதுவும் அணைந்துவிட்டது.

ஞாயிறு முழுக்கப் போனில் தேடினேன். டிரைவர் பிழை என்றார்கள், திரையின் அளவு பொருந்தவில்லை என்றார்கள். திரைக்கு வேறு வயர் இரவல் வாங்கி மாட்டினேன். லினக்ஸ் போட்ட பென்டிரைவை மறுபடி குத்தினேன். லினக்ஸைக் கண்டுபிடித்தவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். லினக்ஸ் வருவதற்கு முன்னால் வரவேண்டிய கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம்கூட வரவில்லையே என்று யோசித்தேனா? இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். எட்டிப் பார்த்த அக்காவையும் விடவில்லை.

“ஒங்கள யாருக்கா இதெல்லாம் தொடச் சொன்னா?”

அவர் திரும்பிப் போய்விட்டார்.

திங்கள் காலை, பெரட்டுக்குப் போகிற வழியில் மறுபடி வந்தார். வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிந்தினால் கங்காணி ஏசுவார். ஆனாலும் குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, இந்த நீல வயரு கீழ் ஓட்டையிலதான இருந்துச்சு? நீ மேல குத்தியிருக்க.”

“நல்லாத் தெரியுமாக்கா?”

“ரெண்டு திருகாணியையும் நகத்தாலயே கழட்டுனேன். மறக்குமா?”

அட கடவுளே! ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். தனியாகப் போட்ட கிராபிக்ஸ் கார்டின் ஓட்டை கீழே; அதில்தான் படம் வரும். நான் மேலே மாட்டியிருந்தேன். மாற்றிக் குத்தினேன். திரை பளிச்சென்று வந்தது. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓட்டமும் நடையுமாக இறங்கிவிட்டார்.

பரீட்சையை நன்றாகவே செய்தேன். இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

அந்தத் திங்கள் பின்னேரம் மன்னிப்புக் கேட்க பிஸ்கட் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். டிவி சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பின்புறம் கருகியிருந்தது.

“என்னக்கா இது?”

“சனிக்கெழம இடிதான். ஒன் வீட்டுக்கு மொதல்ல ஓடுனேன். திரும்பி வர்றதுக்குள்ள இது போயிருச்சு.”

அழுதுவிட்டேன்.

“இதுக்குப் போயி அழுவியா? எனக்கு நாடகந்தான் போச்சு. ஒன் பெட்டி போயிருந்தா, புள்ளைய விட்டுட்டு நீ கொழும்புக்கில்ல போயிருப்ப?”