கீழே இருந்த இரண்டாவது வரி

பொத்தானை அழுத்தியதும் திரையில் முதலில் எதுவும் வராது. கறுப்பாகக் கிடக்கும். பிறகு இரண்டே இரண்டு வரிகள் வெள்ளையாகத் தோன்றும். மேலே இருப்பது ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற வழக்கமான சிஸ்டம். கீழே இருப்பது லினக்ஸ். இரண்டில் எதை ஓட்ட வேண்டும் என்று கணினி நம்மைக் கேட்கிறது. அடியில் ஒரு எண் குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் யாரும் எதையும் தொடவில்லை என்றால் மேல் வரி தானாகத் திறந்துகொள்ளும். பிளஸ் டூ படித்தபோது என் நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. அதைத் திறக்கும்போதெல்லாம் அவள் விரல் கீழ்நோக்கிய அம்புக்குறியின் மேல் தயாராக இருக்கும். வரிகள் தெரிந்ததுமே டக்கென்று அழுத்திவிடுவாள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து ஓடுகிறவளின் அவசரம் அதில் இருக்கும். எதற்கு இந்த அவசரம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். கேட்கவில்லை.

பாப்பாரப்பட்டியில் பேருந்துகள் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மனிதன் பிறந்ததிலிருந்து போகிறவரைக்கும் என்னென்ன தாள் வேண்டுமோ அத்தனையும் எங்களிடம் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் லாரியில் வடக்கே போனால் வர நாளாகும். கடை என் பொறுப்பு. தட்டச்சு வகுப்பில் கற்ற பழைய தமிழ் விசைப்பலகைதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. கண்ணைக் கட்டிவிட்டால்கூட அடிப்பேன். வேறு எந்த விசைப்பலகையைக் கொடுத்தாலும் ஒரு வரிக்கு எனக்கு வேர்த்துவிடும்.

நாத்தனார் ஆடிக்கு வந்தாள். கல்யாணமான முதல் வருஷம், ஆடிக்கு அழைத்து வருவது முறை, நாங்களும் சீரோடு போய் அழைத்து வந்தோம். ஆடி முடிந்தது. அவள் கிளம்பவில்லை. கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அடித்தானா, குடிக்கிறானா என்று அவள் அம்மா, என் அத்தை, சுற்றிச் சுற்றிக் கேட்டார். இரண்டும் இல்லை என்றாள். அதுதான் அத்தைக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. அடித்தான் என்றால் ஊரில் சொல்லிக்கொள்ளலாம், ஒன்றுமே இல்லாமல் ஒரு பெண் திரும்பிப் போகமாட்டேன் என்கிறாளே, இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று புலம்பினார். தக்காளிக் கூடை இறக்க வருகிறவர்கள்கூடக் கடை வாசலில் நின்று, “ஆடிதான் முடிஞ்சிருச்சே, பாப்பா எப்ப போவுது?” என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஆவணி முடிவதற்குள் வந்து பேசி அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் தன் சம்பாத்தியத்தில் நிற்க அவளுக்கு ஒரு வழி தெரியாவிட்டால் அவர்களோடு போகத்தான் வேண்டும். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டில் இருந்தால் அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னோடு கடைக்கு வர ஆரம்பித்தாள். மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு வருவாள். நான் அதைச் சட்டை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்ததில் வேறு என்ன இருக்கும் என்கிற எண்ணம்தான். எங்கள் கடைக் கணினியில் ஓடியது தருமபுரியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து போட்டுவிட்டுப் போன நகல். திருட்டு நகல் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. ‘சிஸ்டம் போட்டுக் குடுங்க’ என்போம், போட்டுக் கொடுப்பார். நீ வைத்திருப்பது அசலில்லை என்று திரையின் மூலையில் ஒரு வரி மட்டும் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். எனக்கு அது பழகிவிட்டது, சுவரில் பல்லி இருக்கிற மாதிரி.

ஒரு நாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பதறியடித்துக்கொண்டு வந்தார். பென்டிரைவில் காலாண்டுத் தேர்வு வினாத்தாள்கள். எங்கள் கணினியில் செருகினால் ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் வைரஸ்தான் வந்து நின்றது. ஜெராக்ஸ் கடைக் கணினி என்றால் ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் வந்து போகிற இடம், நோய்க்குப் பஞ்சமில்லை. டீச்சர் அழாத குறை. நாத்தனார் பேசாமல் அதைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினாள். எல்லாம் அப்படியே இருந்தன. “அழியல டீச்சர், ஒளிச்சுதான் வச்சிருந்துச்சு. அந்த வைரஸுக்கு லினக்ஸ்ல கை கால் ஓடாதுங்க” என்றாள். ஆடிக்கு வந்த பிறகு அவள் குரலில் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டிய வாரத்தில் கடைக் கணினி படுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் நீலத் திரை, மறுபடி அழுத்தினால் மறுபடி நீலத் திரை. மெக்கானிக் போனை எடுக்கவில்லை, எடுத்தபோது அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கையில் அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாத்தனார்தான் சொன்னாள். “அண்ணி, இருக்கறத மொத்தமா அழிச்சுட்டு லினக்ஸ் போடட்டுங்களா? காசு கெடையாது, திருட்டும் கெடையாது. இன்னாருக்குத்தான்னு இல்லாம எல்லாருக்கும் பொதுவா எழுதி வச்சிருக்காங்க. யாரு வேணாலும் எடுத்துக்கலாம், உள்ள பிரிச்சுப் பாக்கலாம், நமக்குத் தக்கபடி மாத்திக்கலாம்.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓசியில் கிடைப்பது எத்தனை நாளைக்கு ஓடும்? ஊரில் ஒருத்தனும் வைத்திருக்கவில்லை, நாளைக்குப் பழுதானால் யாரைக் கூப்பிடுவது? எல்லாரும் எதை வைத்திருக்கிறார்களோ அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதுதான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு. அதையே கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன். உனக்கு மட்டும் இதன் மேல் இவ்வளவு பிரியம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். “கல்யாணமாயிப் போனதும் மொத வேலையா அவரு என் லேப்டாப்புல பாஸ்வேர்டு போட்டுட்டாருங்க அண்ணி. போன்லயும்தான். நானு கேட்டா அவரே வந்து தொறந்து குடுப்பாரு, பக்கத்துலயே உக்காந்துக்குவாரு. கோவமெல்லாம் பட மாட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் செய்வாரு. கீழ இன்னொரு வரி இருக்கறத அவரு கண்டுக்கல. அது ஒண்ணுக்கும் ஒதவாது, ஸ்கூல் புள்ளைங்களுக்கு வச்சதுன்னு வுட்டுட்டாரு. அவரு வேலைக்குப் போனதும் நானு அதுலதான் இருப்பேன். அந்த வூட்ல நானு கேக்காம தொறக்க முடிஞ்சது அது ஒண்ணுதான்.”

மேல் வரி திறந்துவிட்டால் அவன் போட்ட பாஸ்வேர்டைக் கேட்கும் திரை வந்துவிடும். அதற்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அந்த விரலின் அவசரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அடித்தானா குடித்தானா என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களிடம் இதை அவள் எந்தக் கணக்கில் சொல்லியிருப்பாள்? “அழிச்சுட்டுப் போடு பாப்பா” என்றேன்.

அன்று மதியத்துக்குள் போட்டு முடித்தாள். திரை அழகாகத்தான் இருந்தது, ஆனால் பிரச்சினை அப்புறம்தான் ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் யாரும் கல்யாணப் பத்திரிகையைப் புதிதாக அடிப்பதில்லை. அதே குடும்பத்தின் முந்தைய பத்திரிகையைத் திறந்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்தம் மூன்றையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது வேலை. பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளை இதில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாக வந்து கொட்டியது. பழைய எழுத்துருக்களின் கோளாறு அது. எத்தனையோ குடும்பங்களின் மாமன் மச்சான்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் புரியாத பாஷை பேச ஆரம்பித்துவிட்டார்கள். புதிதாக அடிக்கலாம் என்றால் அவள் அடித்துப் பழகிய விசைப்பலகை வேறு, நான் பழகியது வேறு. என் விரல்கள் பொம்மலாட்டம் ஆடின. தெரிந்த வேலையையும் கெடுத்துக்கொண்டேனே என்று உள்ளுக்குள் அவளைத் திட்டினேன்.

அவள் என் பக்கத்தில் வந்து எதையோ தட்டினாள். “இப்ப அடிச்சுப் பாருங்க அண்ணி. நீங்க கிளாஸ்ல கத்துக்கிட்ட அதே பலகைதான். இதுல அதுவும் இருக்குது. நம்ம வெரலுக்குத் தக்கபடி அத மாத்திக்கலாங்க, அதுக்குத் தக்கபடி நாம மாற வேண்டியதில்ல.” நான் கண்ணை மூடிக்கொண்டு என் மகன் பெயரை அடித்தேன். திறந்து பார்த்தால் ஒரு எழுத்துப் பிசகவில்லை. இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஒரு இயந்திரம் எனக்காக ஒதுங்கி வழி விட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் அந்தக் கல்யாண வீட்டுக்காரரையே கடைக்கு வரச் சொல்லிவிட்டோம். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நான் அடித்தேன். அந்த மனிதருக்கும் எங்களுக்கும் பழைய கதை ஒன்று உண்டு. அவர் வீட்டு முந்தைய கல்யாணத்தில் யாருடைய பத்திரிகையையோ திறந்து மாற்றியபோது, உயிரோடு இருக்கிற அவருடைய பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ நின்றுவிட்டது. அந்தப் பெரியவர் நேராகக் கடைக்கே வந்து, “நல்லாப் பாத்துச் சொல்லும்மா, நானு செத்துட்டனா?” என்று கேட்டார். இந்தத் தடவை எல்லாவற்றையும் அடியிலிருந்து அடித்ததில் அந்த வம்பு இல்லை. பழைய பத்திரிகையில் விட்டுப்போயிருந்த இரண்டு அத்தைகள்கூட உள்ளே வந்தார்கள். “எல்லாம் மொதல்லேர்ந்து போட்டா ஞாவகம் வருதுங்க” என்றார் அவர்.

எல்லாமே சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். பிரிண்டர் ஒரு நாள் முழுக்க முரண்டு பிடித்தது. நாத்தனார் இணையத்தில் ஒரு குழுவில் தமிழிலேயே கேள்வி போட்டாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எந்த ஊரோ என்ன பேரோ தெரியாத ஒருவர், தமிழிலேயே படிப்படியாகப் பதில் எழுதியிருந்தார். அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டேன். “நாளைக்கு வேற யாராச்சும் கேட்டா நானு சொல்லுவேன்ல, அதுதாங்க” என்றாள். சில விண்ணப்பத் தளங்கள் இதில் கடைசிவரை ஓடவில்லை. அதற்கு வந்தவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினோம். ஆனால் அச்சகத்துக்குப் போன பத்திரிகையில் ஒரு எழுத்தும் ஆடவில்லை. பென்டிரைவ் நோய்க்கு வைத்தியம் பார்க்கிற கடை என்று பேர் பரவி, ஏரியூரிலிருந்துகூட ஆள் வந்தார்கள். அவர்கள் என்னைத் தேடவில்லை, “அந்தப் பாப்பா இருக்குதுங்களா?” என்றுதான் கேட்டார்கள்.

அந்த நெரிசலில்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். வீட்டில் அவள் இல்லை என்றதும் நேராகக் கடைக்கே வந்துவிட்டார்கள். அவளுடைய பெரிய மாமனார்தான் முன்னால் நின்றார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். நாத்தனார் எழுந்து ஸ்டூலை நகர்த்தினாள். “உக்காருங்க மாமா” என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த வேலையை முடித்து, காத்திருந்த பெண்ணை அனுப்பினாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புள்ளை என்ன குறை வைத்தான் என்று ஆரம்பித்தார்.

“கொறன்னு ஒண்ணும் இல்லீங்க மாமா. அந்த வூட்ல எத தொறக்கணும்னாலும் நானு கேட்டு நிக்கணும். தொறந்து வுடறாங்க, இல்லேங்கல. ஆனா கேட்டுக் கேட்டு எனக்குப் பேச்சே மறந்து போச்சுங்க. நானு வர்லீங்க.” ஒரு வார்த்தையிலும் அவள் பின்வாங்கவில்லை. நான் குறுக்கே பேசாமல் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். இடையில் இரண்டு பேர் வந்தார்கள், இவள் வேலை முடித்து அனுப்பினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, “ஏம்மா, நம்ம காட்டுக்குச் சிட்டா எடுக்கணும், இதுல வருமா?” என்று கேட்டார். வந்தது. தாளைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். திரும்ப அழைக்க யாரும் வரவில்லை. பிறகு பெரியவர்கள் பேசி முடிக்க, அவளும் அவள் புருஷனும் சட்டப்படியே பிரிந்தார்கள்.

இப்போது அவள் ஏரியூரில் தனியாகக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள். எங்கள் கடையில் மூன்று கணினிகள், மூன்றிலும் லினக்ஸ். அத்தைக்குக்கூட அந்தப் பேர் வாயில் வருகிறது. மகளைப் பற்றி யாராவது துருவினால், “அவ லினக்ஸ்க்காரிங்க” என்று ஏதோ பெரிய உத்தியோகம் மாதிரி சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவார். ஏரியூருக்குப் போகும்போது நாத்தனார் அந்தப் பழைய மடிக்கணினியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். விளிம்பு உடைந்து, ஒரு மூலையில் டேப் சுற்றி, மேல் அலமாரியில் இருந்தது.

போன வாரம் கடை பெருக்கும்போது அதை எடுத்துத் துடைத்து மின்சாரத்தில் செருகினேன். கறுப்புத் திரை. இரண்டு வரிகள். எண் குறைய ஆரம்பித்தது. அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த அவசரம் தொற்றியிருந்தது போலிருக்கிறது, விரல் தானாக அம்புக்குறிக்குப் போய்விட்டது. அழுத்தப் போகும்போதுதான் பார்த்தேன், இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தன. எப்போது மாற்றினாளோ, என்னிடம் சொல்லவே இல்லை. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எண் தீர்ந்தது. நான் எதையும் தொடவில்லை. அவளுடையது தானாகத் திறந்துகொண்டது.