எல்லாம் பச்சையாக இருந்த மதியம்

திரை முழுக்கப் பச்சை. எங்கள் மென்பொருள் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்து மேடத்தின் முகம் வெளிறிப்போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

காரைக்காலில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அவர்தான் தலைவி. பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கரையை ஒட்டி மீன்பிடிக்கும் படகுகளுக்குக் காற்று எச்சரிக்கையைக் கைபேசியில் அனுப்பும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். காரைக்கால்மேட்டில் சில படகுகள் அதை வெள்ளோட்டமாகப் பயன்படுத்தின. அதில் ஒன்று என் தம்பியுடையது.

மென்பொருளின் நகலை எடுத்து, எங்களுக்குச் சொல்லாமல் தானே சில தப்புகளை நுழைத்துவிட்டுச் சோதனைகளை ஓட்டச் சொல்வது மேடத்தின் வழக்கம். "நான் வெச்ச தப்புல பாதியத்தான் சோதனை பிடிக்குதுன்னா, தானா விழுந்ததுலயும் பாதி தப்பிச்சிருக்கும்தானேம்மா?" என்பார். அன்று, எச்சரிக்கை வெளியே போகாமலே நின்றுவிடும்படி மாற்றியிருந்தார். அதற்கும் பச்சைதான் வந்தது; தப்பைச் சோதனை பிடிக்கவில்லை. செய்தி தயாரானதா என்று பார்த்தோமே தவிர, போனதா என்று பார்க்கவில்லை.

"அப்ப படகுங்கள்ல ஓடறதும் இதே சோதனையில தேறினதுதானே, மேடம்?" என்றேன். உண்மையான மென்பொருளைத் திறந்து, செய்தி அனுப்பும் இடத்தைப் பார்த்தோம். ஒரே நாளில் இரண்டாவது எச்சரிக்கை வந்தால், வந்ததே மறுபடி வருகிறது என்று அது தள்ளிவிட்டது. அன்று காலை லேசான காற்று என்று ஒன்று போயிருந்தது. சற்று முன்பு வந்த சூறைக்காற்று எச்சரிக்கை போகவே இல்லை.

கடலில் இருந்த தம்பியின் கைபேசிக்கு இணைப்பு கிடைக்கவில்லை. மேடம் மீனவப் பஞ்சாயத்தாரை அழைத்து, "செய்தி வரலன்னு நம்பி இருந்துடாதீங்க, வயர்லெஸ்ல எல்லாரையும் திரும்பச் சொல்லுங்க" என்று கத்தினார்.

கரைக்கு ஓடினோம். மணல் முகத்தில் அறைந்தது. ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது. தம்பியுடையதை மட்டும் காணோம். கடைசியில், பாதி தண்ணீரோடு வந்தது.

"வயர்லெஸ்ல கூப்பிட்டதும் வலைய அறுத்து விட்டுட்டு ஓடியாந்தோம்க்கா. கைபேசில ஒண்ணுமே வரலியே" என்றான்.

மேடம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எத்தன தப்பு இருக்கும் மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. நான் வெக்கிறதெல்லாம் எனக்குத் தோணின தப்புதான். தோணாதத எப்படி வெப்பேன்?"

இன்று தப்பு வைப்பது என் வேலை. தம்பி கடலில் இருக்கும் நாட்களிலேயே அதைச் செய்கிறேன். பயந்த மனத்துக்குத்தான் தப்பு ஒளிந்திருக்கக்கூடிய வேறு வேறு இடங்கள் தோன்றுகின்றன.