நான் வெட்டிய ஏழாம் அத்தியாயம்

மாஸ்கோவில் ரசாயனம் படித்த எனக்கு ரொறன்ரோவில் கிடைத்தது பிளாஸ்டிக் தொழிற்சாலையில் போத்தல் மூடி தரம் பிரிக்கிற வேலை. ரஷ்ய மொழி மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஒரு ரஷ்ய விஞ்ஞான நாவலை மொழிபெயர்க்கத் தொடங்கினேன். தொண்ணூறுகளின் முற்பகுதி. வேலை பின்னேரத்தில்தான் என்பதால், வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டின் சாப்பாட்டு மேசையில் காலை நேரங்களில் இரண்டு பக்கமாவது எழுதுவேன். ஸ்காபரோவில் வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகை அதைத் தொடராகப் போட்டது.

நாவலாசிரியர் விண்கலங்களை வைத்து எழுதினாலும் அவருடைய அக்கறையெல்லாம் மனிதர்களில்தான். பயந்துபோன ஊர் எப்படி நடந்துகொள்ளும், காப்பாற்ற வந்தவர்கள் எப்போது எசமானர்களாகிறார்கள் என்பவைதான் அவருடைய கேள்விகள். இளமையில் எழுதிய கதைகளில் எதிர்காலம் வெளிச்சமாக இருந்தது. பிறகு எழுதியவற்றில் அந்த வெளிச்சம் இல்லை, பதிப்பகங்களும் கதவைச் சாத்தின. இந்த நாவலைத் தணிக்கைக்காரர்கள் திருப்பித் திருப்பி அனுப்ப, அவரும் திருத்தித் திருத்திக் கொடுத்திருக்கிறார். ஆட்சி விழுந்த பிறகுதான் முழு வடிவம் வந்தது. பாதர்ஸ்ட் வீதியில் ஒரு ரஷ்யக் கடையில், ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் அதைக் கண்டு வாங்கினேன். திருத்தங்களை நீக்க உட்கார்ந்தபோது எந்த வரி தன்னுடையது, எந்த வரி பயத்தில் எழுதியது என்று தனக்கே தெரியவில்லை என முன்னுரையில் எழுதியிருந்தார்.

கதை தூரத்துக் கிரகமொன்றில் நடக்கிறது. முற்றுகைக்குள் ஒரு நகரம். வெளியே போகிறவர் தனக்குப் பதிலாக ஓர் உறவினரைப் பிணை வைக்க வேண்டும் என்று காவலர்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் சட்டம் போடுகிறார்கள். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு தாய் மகனுக்காகப் பிணை நிற்கிறாள். மகன் திரும்பி வருவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட அப்போது இயக்கம் கொடுக்கிற பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் ஒருவர் பிணை நிற்கவேண்டும். மொழிபெயர்க்கும்போது அது எனக்கு நினைவுக்கு வராமலில்லை. ஆனால் அந்த வரி ரஷ்யருடையது, நான் குழந்தையாக இருந்தபோது எழுதப்பட்டது.

ஐந்தாம் அத்தியாயம் அச்சான வாரம், இந்தக் கிரகம் எங்கே இருக்கிறதென்று யாரோ பத்திரிகை ஆசிரியரைத் தொலைபேசியில் கேட்டார்களாம். சனிக்கிழமை பகல் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. முப்பது வயதுக்காரர், நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்து இருந்தார். என் கணவர் தேத்தண்ணி போட்டார். வந்தவர் பத்திரிகையை விரித்து அந்த வரியில் விரல் வைத்தார்.

“அக்கா, இது நீங்கள் சேர்த்ததோ?”

இல்லை என்று புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைக் காட்டினேன். ரஷ்ய எழுத்துகளை அவர் கனநேரம் பார்த்தார்.

“எனக்கு உது வாசிக்கத் தெரியாது. நீங்கள் சொல்லுறதைத்தான் நான் நம்பவேணும்.”

பிறகு கணவரிடம் திரும்பி, “உங்கட தங்கச்சி இன்னும் ஊரிலதானே, அண்ணை?” என்று கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. தேத்தண்ணியை முழுதாகக் குடித்து, நன்றி சொல்லிப் போனார்.

மச்சாள் பாஸுக்கு எழுதிக்கொடுத்து நாலு மாதமாகக் காத்திருந்தாள். அது எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் கணவர், “ஏழாவதை விட்டிடும்,” என்றார். “அவள் வெளிய வரட்டும்.”

ஏழாம் அத்தியாயம் தொய்வாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று பத்திரிகை ஆசிரியரிடம் பொய் சொன்னேன். அவர் நம்பினார். அது இன்னும் கூசியது. எட்டாம் அத்தியாயத்தை ஏழு என்று இலக்கமிட்டுக் கொடுத்தேன். கதையில் தாய் ஏன் காணாமல் போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் மூடிகள் கைகளுக்கிடையே ஓடும்போது, ‘பயத்தில் எழுதிய வரி’ என்று நாவலாசிரியர் முன்னுரையில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மச்சாளுக்கு அந்த வருடக் கடைசியில் பாஸ் கிடைத்தது. நான் வெட்டியதாலா, சும்மாவே கிடைத்திருக்குமா, இன்றுவரை தெரியாது. கொழும்பிலிருந்து தொலைபேசியில் சந்தோஷமாகத்தான் பேசத் தொடங்கினாள். யார் பிணை நின்றது என்று கணவர் கேட்டபோது அழுதாள்.

“ஐயாதான் நிண்டவர். வேற ஒருத்தரும் வரேல்லை.”

அவள் கனடா வந்து சேர்ந்தாள், திரும்பிப் போகவில்லை. பிணை நின்ற மாமாவுக்குக் கண் ஆபரேசன் கொழும்பில்தான் செய்யவேண்டும் என்றார்கள். மகள் திரும்பி வரவில்லை என்று அவருக்குப் பாஸ் கொடுக்கவில்லை. ஒரு கண் முற்றாகப் போய்விட்டது என்று கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கணவர் சாப்பிடாமல் மேசையில் இருந்தார்.

“உந்த ஏழாவதை வாசியும்.”

அதை நான் தமிழில் எழுதியிருக்கவேயில்லை. புத்தகத்தைத் திறந்து, ரஷ்ய மொழியிலிருந்து வாய்வழியாகவே சொல்லிக்கொண்டு போனேன். தாய் கையெழுத்து வைக்கிற இடத்தில், மெதுவாக வாசிக்கச் சொன்னார். மெதுவாக வாசித்தேன். மச்சாள் குசினி வாசலில் வந்து நின்று கேட்டாள்.

முடிந்ததும் கணவர், “எழுதி வையும். போடுறாங்களோ இல்லையோ, எழுதி வையும்,” என்றார்.

அடுத்த நாள் காலை எழுதத் தொடங்கினேன்.