பபூன் நாச்சிமுத்து நடித்த பேசாத படம்

சாணார்பட்டி கடைவீதியில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நாச்சிமுத்து அண்ணன் வீடு கடைக்குப் பின்தெருவில். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷம் கோயில் திருவிழா நாடகங்களில் பபூன் வேஷம் கட்டியவர். ராஜா, மந்திரி வருவதற்கு முன்னால் பபூன் வந்து ஒரு மணி நேரம் கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பார், முன்வரிசையில் இருக்கும் ஊர்த்தலைவரையும் விடமாட்டார். யாருக்கும் கோபம் வராது. வாயால் பிழைத்த மனிதர்.

அவர் மனைவி அய்யம்மாள் அக்காவுக்குச் சர்க்கரை நோயில் முப்பத்தெட்டு வயதிலேயே கண் போய்விட்டது. அதற்குப் பிறகு மேடையில் பேசுவதையெல்லாம் அண்ணன் முதலில் வீட்டில் பேசிப் பார்ப்பார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கும். சிரித்தால் அது மேடைக்குப் போகும். "இது வேண்டாங்க, போன வருஷம் கன்னிவாடியில சொன்னதுதானே" என்றால் போகாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகத்தான். தொண்டையில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அதை வைத்து முதலில் அக்கா பெயரைத்தான் சொன்னார். கரகரவென்று இரும்புச் சத்தம் வந்தது. அக்கா கையை நீட்டி அண்ணன் முகத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு, "அதை எடுத்து வச்சிருங்க. வேற யாரோ வீட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றது. துணியில் சுற்றி பீரோவில் வைத்தவர், அதைத் திரும்ப எடுக்கவே இல்லை.

வேலையில்லாமல் என் கடையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் போன் சரியாகவில்லை என்று ஒருவர் குதித்துக் கூச்சல் போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் எழுந்து, துளி சத்தமில்லாமல், அந்த ஆளை அப்படியே செய்து காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. திரும்பச் செய்யச் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்துவிட்டார்கள். பேச்சு இல்லாததால் தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். பஸ்ஸில் சீட் பிடிப்பது, கல்யாணப் பந்தி என்று நிறைய எடுத்தோம்.

அக்காவுக்கு மட்டும் அதில் ஒன்றுமில்லை.

"இப்ப என்ன செய்றாரு தம்பி?"

"பந்தியில உக்காந்திருக்காரு. சோறு போடுறவன் இவரத் தாண்டித் தாண்டிப் போறான்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான் அக்கா."

அக்கா சிரிக்கப் பார்க்கும். அண்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு டைரக்டர் தேடி வந்தார். வசனமே இல்லாத முழுநீளப் படம், அண்ணன்தான் முக்கிய வேஷம். அப்போது அக்காவுக்குக் கிட்னியும் பழுதாகி வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் முடியாது என்று தலையாட்டினார். நான்தான் விடவில்லை. அக்காவும், "போயிட்டு வாங்க. சினிமாக்காரர் பொண்டாட்டின்னு நானும் சொல்லிக்கிறேன்" என்றது. துணைக்கு அக்காவின் தங்கை சுப்புத்தாய் வந்து இருந்தது. அண்ணனுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் கூடச் சென்னைக்குப் போனேன்.

ஷூட்டிங்கின் ஆறாம் நாள் காலை, அண்ணனுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருக்கும்போது சுப்புத்தாய் போன் செய்தது. அக்காவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அண்ணனோடு பேச வேண்டும் என்கிறது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, பக்கத்துல இருக்கீங்களா?"

அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. நீளமாக என்னவோ சொன்னார். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது.

"தம்பி, என்ன சொல்றாரு?"

எனக்கு உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. "இப்பவே கிளம்பி வாரேன்னு சொல்றாரு அக்கா."

"அதுக்கா இம்புட்டு நேரம்?" என்றது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அவரு அப்படிச் சொல்ற ஆளில்ல தம்பி. சரி, அவரைச் சாப்பிடச் சொல்லு" என்றது.

கார் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அக்கா போய்விட்ட செய்தி வந்துவிட்டது.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதார். சத்தமில்லாமல் முகம் மட்டும் கோணிக் கோணிப் போனது, வீடியோவில் செய்வாரே, அதேபோல. பின்னால் ஒருத்தர் படம் பிடிக்கப் போனைத் தூக்கினார். தட்டிவிட்டேன். இழவு வீடென்றும் பார்க்காமல் எங்கள் இரண்டு பேருக்கும் கைகலப்பாகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் திரும்பப் போய் மீதிப் படத்தை முடித்துக் கொடுத்தார். திண்டுக்கல்லில் இரண்டு வாரம் ஓடியது. தியேட்டரில் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் பாதியிலேயே வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டார். அதோடு சரி, நடிக்கவில்லை. வீடியோவும் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது பூ மார்க்கெட்டில் மல்லிகை எடை போடுகிறார்.

ஒரு தடவை கேட்டே விட்டேன், அன்றைக்குப் போனில் அக்காவிடம் என்னதான் சொன்னீர்கள் என்று. தாளும் பேனாவும் எடுத்து முன்னால் வைத்தேன். எழுதத் தெரிந்தவர்தான். பேனாவைத் திறந்து தாளருகே கொண்டுபோனார். பிறகு பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகிவிட்டு எழுந்து போனார்.