கத்தாதவன் பக்கம்

இராமேஸ்வரம் போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் விசைப்படகு ஓட்டுபவர். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு. என்ன கேட்டாலும் ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், கடலே தெரியாத இடத்தில்கூட.

நான் போனில், நாம் எடுக்கும் முடிவுப்படி கதை மாறும் ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தேன். அச்சு அசல் சினிமாதான். புயலில் படகு கவிழ்ந்துவிட்டது. ஒரு பக்கம் நாயகனின் அண்ணன் கையை ஆட்டிக் கத்துகிறான். மறுபக்கம், அவர்களைக் காட்டிக்கொடுத்தவன் சத்தமில்லாமல் மிதக்கிறான். யாரை முதலில் தூக்குவது? பத்தே நொடி. மூன்று முறை அண்ணனைத் தூக்கி, மூன்று முறையும் மற்றவனைச் சாகவிட்டிருந்தேன்.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்று போனை நீட்டினேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான்கு, மூன்று, இரண்டு... எனக்கு உயிரே போயிற்று.

"கத்தாதவன்ட்ட போ."

அழுத்தினேன். அவனைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், அண்ணன் ஒரு பலகையைப் பிடித்தபடி இன்னும் கத்திக்கொண்டிருந்தான். இருவருமே பிழைத்தார்கள். பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கூவிவிட்டேன்.

"எப்படிண்ணே தெரியும்?"

"கத்துறவனுக்கு மூச்சு இருக்கு தம்பி. சத்தம் இல்லாதவன்தான் போய்ட்டிருக்கான்."

"நான் மூணு தடவையும் அண்ணனத்தான் தூக்குனேன்."

பாம்பனில் இறங்க எழுந்தவர் ஜன்னலைப் பார்த்தார். இப்போது அங்கே கடல் இருந்தது.

"நானும் ஒருக்கா அப்படித்தான் தூக்குனேன்" என்றார்.

திரையில், மறுபடி ஆடுவதற்கான பட்டன் மின்னிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போகும்வரை அதைக் கையால் மறைத்துக்கொண்டேன்.